முகத்துக்கென்று ஒரு லென்ஸ்

பக்கத்து வீட்டில் பொரிவிளாங்காய்க்கு அரிசி வறுக்கிறார்கள். மதிலேறி வந்த மணம் ஜன்னல் சீலையை விலக்கிக்கொண்டு அறைக்குள் வந்து நிற்கிறது. வேறு யாருக்கும் வாயூறும். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வறுத்த அரிசி மணத்தால் எனக்கு ஞாபகம் வருவது பலகாரம் அல்ல, கெமரா.

சிரிக்காதீர்கள், என் வயதுக்காரர்களே. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கூட்டாளிகள் என்று கைப்பேசியில் ஒரு குழுவைத் தொடங்கினீர்கள். தலை நரைத்த கையோடு எல்லாரும் படம்பிடிகாரர்கள் ஆகிவிட்டீர்கள். எந்தக் கெமரா, எந்த லென்ஸ், எந்தத் தேசத்துக் கண்ணாடி என்று ஓயாத பேச்சு. போன கிழமை ஒருவன் கேட்டான்: பேரப்பிள்ளையின் முகம் எடுக்க எந்த லென்ஸ் திறம்? விடிய விடியப் பதில் எழுதினீர்கள். ஒருவரையொருவர் மடையன் என்றீர்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். கேட்டவன் இன்றுவரை பேரப்பிள்ளையின் ஒரு படத்தையும் போடவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறானாம்.

அந்த யோசனையோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவள் நான். அது எப்படி இருமும், எப்படித் தொண்டையைச் செருமும், எந்தத் துணியால் கண்ணாடியைத் துடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆரையம்பதியில் எங்கள் வீடு. சரியாகச் சொன்னால் அம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து இன்னொருத்தியின் சீதன வீட்டில் வந்து ஏறுவான். அப்பா அப்படி ஏறியவர். ஏறும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜப்பான் கெமராவும் கொண்டுவந்தாராம். கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர் வேலை. அந்த வேலை, அவரைப் பொறுத்தவரை, ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவில் பொழுதுபோக்க ஏற்பட்ட ஒன்று.

லென்ஸ் மூன்று வைத்திருந்தார். அகலமானது வாவிக்கும் வானத்துக்கும். நீளமானது பறவைகளுக்கு. நடுவில் அம்பது மில்லிமீட்டர் என்று ஒன்று. அது எல்லாவற்றுக்கும் ஆகும் என்பார், அதனாலேயே அதை எதற்கும் எடுக்கமாட்டார். வாவிக் காற்றின் ஈரம் பட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காகப் பெரிய பால்மா டின்னில் வறுத்த அரிசியைக் கொட்டி, மேலே வெள்ளைத் துணி விரித்து, மூன்றையும் தொட்டில் பிள்ளைகளைப்போலப் படுக்கவைப்பார். அரிசி ஈரத்தைக் குடித்துவிடுமாம். குடித்த அரிசியை எறிந்துவிட்டுக் கிழமைக்கொருதரம் புதிதாக வறுக்கவேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் அம்மா கால்கடுக்க நின்று வாங்கிய அரிசி. வறுப்பவளும் அவள்தான். எங்கள் வீட்டுக் கோழிகள் அந்தப் பஞ்சக் காலத்திலும் கொழுத்துத் திரிந்தன.

கோழிக்குப் போகுமுன் அண்ணன் ஒரு பிடி அள்ளுவான். அள்ளி எனக்கும் பாதி தருவான்.

"தின்னு தங்கச்சி. லென்ஸ் மிச்சம் வெச்சது."

அண்ணனுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. பதினைந்து நடந்துகொண்டிருந்தது. அடையாள அட்டை எடுக்கும் வயது இன்னும் வரவில்லை. உயரமோ இருபது வயதுக்காரனின் உயரம். வேறு காலமாக இருந்தால் தாய்க்குப் பெருமையாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் அது வாசல்படியில் குந்தியிருந்த ஆபத்து.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதும் அப்போதிக்கரி வருவார். ஊரே 'ஐயா' என்று கைகட்டும் மனுசன். அவரிடம் ஒரு ரஷ்யக் கெமரா இருந்தது. அதைத் தூக்கி எறிந்தால் மாடு சாகும். இரண்டு பேரும் விறாந்தையில் சாய்மனைக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு, நெகற்றிவ்களை வெளிச்சத்தில் பிடித்துத் தலையாட்டுவார்கள். கொக்கு. மீன்கொத்தி. அந்தி. வலை காயும் கம்பு. மறுபடி கொக்கு. அவர்கள் எடுத்த படங்களை மட்டும் வைத்து எங்கள் ஊரைக் கணக்கெடுத்தால், இங்கே மனிதர்கள் வந்து குடியேறவில்லை என்றுதான் முடிவுகட்ட வேண்டும்.

"முகத்துக்கு நூத்து முப்பத்தஞ்சு லென்ஸ்தான்" என்பார் அப்போதிக்கரி. "தள்ளி நிண்டு எடுக்கலாம். ஆளுக்குக் கூச்சம் வராது."

"எண்பத்தஞ்சு" என்பார் அப்பா. "அம்பதில கிட்டப் போனா மூக்கு முருங்கைக்காய் மாதிரி விழும். எண்பத்தஞ்சில பாருங்க, மூக்கு மூக்காவே இரிக்கும், பின்னால உள்ளதெல்லாம் பாலாக் கரைஞ்சிரும்."

பின்னால் உள்ளதெல்லாம் கரைய வேண்டுமாம். பின்னால் இருந்தது எங்கள் தெரு. அது லென்ஸ் இல்லாமலே கரைந்துகொண்டிருந்தது.

சுற்றிவளைப்புகள் தொடங்கியிருந்தன. விடியற்காலையில் ஆமிக்காரர் ஊரைக் கூட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்துவார்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவன் வாகனத்துக்குள் இருந்து பார்ப்பான். அவன் தலையாட்டினால் ஆள் போய்விடும். வீடுகளில் பொடியன்களின் படம் அகப்பட்டால் அதைக் கொண்டுபோய் அந்தச் சாக்குக்காரனிடம் காட்டுகிறார்கள் என்று ஒருநாள் ஒரு கதை வந்தது. உண்மையோ பொய்யோ, அன்று பின்னேரம் எங்கள் தெருவின் எல்லா அடுப்புகளிலும் படங்கள் எரிந்தன. கருகிய படத்தின் நாற்றம் புளிப்பானது. சோற்றிலும் ஏறியது.

அம்மாவும் போட்டாள். அண்ணன் தவழும் படம், வகுப்புப் பிள்ளைகளோடு நின்ற படம், தீமிதித் திருவிழாவில் ஸ்ரூடியோக்காரன் எடுத்த படம். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அப்பா குசினி வாசலில் நின்றார்.

"எரியட்டும் விடு. எல்லாம் ஸ்ரூடியோக்காரன்ட குப்பை. முகத்தில மாவப் பூசி வெச்சிரிக்கான். நான் எடுத்துத் தாறன் பாரு, ஒண்டு. ஒரேயொண்டு. அதில உசிர் இரிக்கும்."

"எப்ப?"

"எண்பத்தஞ்சு லென்ஸ் வரட்டும்."

எண்பத்தைந்து வரவேண்டியது அரபு நாட்டிலிருந்து. கொண்டுவரவேண்டியவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் காத்தான்குடிப் புடவைக்கடைக்காரரின் தம்பி. தம்பி லீவில் வரவேண்டும், லீவு அவன் முதலாளி தரவேண்டும். நாங்கள் எல்லாரும், ஒரு வீடு முழுக்க, முன்பின் கண்டிராத ஓர் அரபு முதலாளியின் மனம் இரங்கக் காத்திருந்தோம். நானாவும் லேசுப்பட்டவர் அல்ல. லென்ஸைப்பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சீலைத்துணியை விரிப்பதுபோலக் கையை விரித்துப் பேசுவார்.

"சேர், வருது. தம்பி எழுதியிரிக்கான். ரெண்டு றாத்தல் பாரமாம். உள்ளுக்க முழுக்கக் கண்ணாடி! கழுவினாலும் சாயம் போகாது."

அப்பா அதற்கும் தலையாட்டினார்.

அந்த இடைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. ஒருநாள் அப்பா வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் குந்தி, நீள லென்ஸை அக்கரைக் கொக்குக்கு நேரே பிடித்திருக்கிறார். ரோந்துப் படகு ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. படகில் இருந்தவர்கள் பற்றைக்குள்ளிருந்து நீட்டிய கறுப்புக் குழாயைத் துப்பாக்கி என்று எண்ணி, குப்புற விழுந்து தங்கள் துவக்கை நீட்டினார்கள். கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையில் அடித்துக் கத்தியதால்தான் அப்பா தப்பினார். முழங்காலில் இருத்தி, கெமராவைத் திறந்து பிலிமை உருவி எறிந்துவிட்டு ஆளைப் போக விட்டார்கள். அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா வந்தார், சேறும் சகதியுமாக. வந்தவர் சொன்ன முதல் சொல்:

"அறுவான், முன்கண்ணாடியில பெருவிரல வெச்சிட்டான்."

இரண்டு நாட்கள் அந்த விரலடையாளத்தைத் துடைத்தார். அம்மா அன்றைக்கு அவரைப் பார்த்த பார்வையை, சின்னப்பிள்ளை நான், பயம் என்று நினைத்தேன். இப்போது என் முகத்திலும் அந்தப் பார்வை அடிக்கடி வந்து உட்காருகிறது. அதன் பெயர் எனக்குத் தெரிகிறது. அது அருவருப்பு.

அடுத்த சுற்றிவளைப்பில் அண்ணனை மத்தியானம்வரை வெயிலில் வைத்திருந்துவிட்டுப் போக விட்டார்கள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வந்து வயதைச் சொல்லிக் கெஞ்சியபிறகு. அன்றிரவே அம்மா தீர்மானித்தாள்: கொழும்பில் இருக்கும் அம்மாவின் தம்பி, எங்கள் மாமாவிடம் அனுப்புவது. நானாவுக்குத் தெரிந்த மீன் லொறி ஒன்று கொழும்புக்குப் போகும். சாரதிக்குப் பக்கத்தில் உதவியாளன் மாதிரி இருந்து போகலாம்.

அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"போகமுன்ன ஒரு படம். இனி ஆள் இஞ்ச இல்லாட்டி, படம் வீட்டில இருந்தா என்ன பயம்? நான் நெஞ்சுக்குள்ள வெச்சிக்கிடுவன். எடுத்துத் தாங்க."

"லென்ஸ் நாளைக்கு வருது" என்றார் அப்பா. முகம் கல்யாண மாப்பிள்ளையின் முகமாக இருந்தது.

வந்தது. உண்மையாகவே வந்தது. லொறி வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பின்னேரம், நானாவின் தம்பி கொண்டுவந்த நான்கு கைலிச் சாரங்களுக்கு நடுவே சுற்றி வந்தது. அப்போதிக்கரியும் ஓடிவந்தார். இரண்டு பேரும் அதை மாறிமாறிக் கையில் ஏந்தி, முகர்ந்தும் பார்த்தார்கள். அண்ணன் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையை நடுவகிடு பிரித்து முற்றத்தில் நின்றான். நல்ல வெயில், தென்னோலைகளுக்குக் கீழே மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்து ஒரு பொத்தானை அமத்தினால் போதும்.

"சோதிக்காம முகம் எடுக்கப்படாது" என்றார் அப்போதிக்கரி.

"சோதிக்காம எப்படி எடுக்கிற?" என்றார் அப்பா.

லென்ஸைச் சோதிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள். பத்திரிகைத்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, கெமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் துவாரத்தைப் படிப்படியாக மூடி மூடி எடுக்கவேண்டும். மூலையில் உள்ள எழுத்தும் நடுவில் உள்ள எழுத்தைப்போலக் கூராக விழுகிறதா என்று பார்க்கவேண்டும். அப்பா ஆணியும் சுத்தியலும் எடுத்தார். அம்மா குறுக்கே வந்தாள்.

"என்ட சீதனச் சுவரில ஆணி அடிக்கிற வேலை வெச்சிக்காதீங்க. இந்த வீட்டில ஒங்களுக்கு அடிக்க ஒரு சுவரும் இல்ல."

அப்போதிக்கரி கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னாள். அப்பாவின் காது சிவந்தது. பத்திரிகையை அண்ணனிடம் நீட்டினார்.

"இந்தா, நீ பிடி. முகத்துக்கு நேரே. ஆடாத."

அண்ணன் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா எடுத்தார். ஒரு படி மூடினார், எடுத்தார். இன்னொரு படி மூடினார், எடுத்தார். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்தினான்.

"அப்பா, விளம்பரமும் தெளிவா விழவேணுமா, செய்தி மட்டும் போதுமா?"

நான் சிரித்து உருண்டேன். அப்போதிக்கரிகூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முற்றத்தை விட்டுக் கிணற்றடிக்குப் போய், கிணற்றடியை விட்டு மதிலில் ஏறி, போயே போய்விட்டது.

"காலைல எடுக்கிறன்" என்றார் அப்பா. "இன்னும் ஒண்டு மிச்சம் இரிக்கி பிலிமில. அவனுக்கெண்டே வெச்சிரிக்கன்."

அந்தப் பிலிம் கொழும்புக்குப் போய்க் கழுவிவர மாதக்கணக்கானது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பொலன்னறுவைப் பாதையில் ஒரு சோதனைச் சாவடியில், அடையாள அட்டை இல்லை என்று அண்ணனை இறக்கிவிட்டு, லொறியைப் போகச் சொன்னார்களாம். சாரதி திரும்பிவந்து படலையில் நின்று அழுதான். அதற்குமேல் ஒரு செய்தியும் இல்லை, இன்றுவரை.

படங்கள் வந்தன. உறையைப் பிரித்தபோது அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பத்திரிகை, பத்திரிகை, பத்திரிகை. மூலை எழுத்தும் நடு எழுத்தும் கூர்மையோ கூர்மை. சவர்க்கார விளம்பரத்தை இன்றைக்கும் வாசிக்கலாம். பத்திரிகையின் இரு கரைகளிலும் நான்கு நான்கு விரல்கள். இடக்கை மோதிரவிரல் நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான் அண்ணன். கடைசிப் படத்தில் ஒரு மீன்கொத்தி இருந்தது. லொறி போன மறுநாள், சாரதி திரும்பிவருமுன்னம், அவனுக்கென்றே வைத்திருந்த அந்த ஒன்றையும் அப்பா வாவிக்குக் கொண்டுபோய்ச் செலவழித்திருந்தார். அருமையான மீன்கொத்தி. பின்னால் உள்ளதெல்லாம் பாலாகக் கரைந்திருந்தது.

பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் வரிசையில் அம்மா எத்தனையோ அலுவலகங்களில் நின்றாள். எல்லார் கையிலும் படம் இருந்தது. எரிக்க மனமில்லாமல் பானைக்குள்ளும் சாணக் கும்பிக்குள்ளும் ஒளித்துவைத்துத் தப்பிய படங்கள். ஆடிய படம், இருண்ட படம், கல்யாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் தெரிந்த பாதிமுகத்தை வெட்டி எடுத்த படம். மூக்குப் பெருத்துத்தான் இருந்தது சிலதில். ஒரு தாயும் அதற்காக வெட்கப்பட்டதை நான் காணவில்லை.

"போட்டோ?" என்பார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

அப்பா ஒரேயொரு தரம் கூட வந்தார். வந்தவர் மேசைக்காரருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"இல்ல சேர், அம்பது மில்லிமீட்டரில கிட்ட நிண்டு எடுத்தா முகம்..."

அம்மா அவர் முழங்கையைப் பிடித்து, பிள்ளையைக் கொண்டுபோய் இருத்துவதுபோல வரிசைக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு வந்தாள். வந்து என்னைப் பிடித்து மேசைக்கு முன்னால் தள்ளினாள். என் இரட்டைப் பின்னலை மேலே தூக்கித் தலைக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தாள்.

"இந்த மூக்கு. இந்தக் கண். இதே நாடி. இத ஆம்பிளப் பிள்ளையா நினைச்சுப் பாருங்க ஐயா. இன்னும் ஒரு முழம் உயரம்."

மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆடாமல் நின்றேன். அதன்பிறகு எல்லா வரிசைகளிலும், எல்லா மேசைகளுக்கு முன்னாலும் அப்படியே நின்றேன். வயதுக்கு வந்தபிறகும் நின்றேன். ஆகவே, கூட்டாளிகளே, முகத்துக்கு எந்த லென்ஸ் என்று நீங்கள் கேட்கும்போது நான் ஏன் குழுவில் ஒன்றும் எழுதுவதில்லை என்று இனியாவது விளங்கட்டும்.

அப்பாவுக்கு அந்த ஒரு முகத்தைப் பார்க்கப் பயம் என்று பின்னாளில் அப்போதிக்கரி சொன்னார். பார்த்தால் அனுப்ப மனம் வராது என்பதால்தான் தள்ளிப்போட்டாராம். இருக்கலாம். பயந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் படம் எடுத்தார்கள்.

அந்த விடியலுக்கு வருகிறேன். வராமலிருக்கத்தான் இவ்வளவும் சுற்றினேன்.

லொறி படலையில் நின்றது. கடல்பக்கம் வானம் சாம்பலாகத்தான் இருந்தது. ஐஸ் உருகி லொறியின் பின்னாலிருந்து மீன்தண்ணி ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணன் முதல்நாள் போட்ட அதே வெள்ளைச் சேட்டோடு முற்றத்தில் நின்றான். அப்பா வெளிச்சமானியை அவன் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெளிச்சம் காணாது. முழுசாத் திறந்தா எடுக்கலாம். ஆனா மென்மையா விழும். ரெண்டு படி மூடவேணும்."

"எடுங்க" என்றாள் அம்மா.

"கொஞ்சம் இந்தப் பக்கம் கிறுகு மனே. நாடியத் தூக்கு. இல்ல, இல்ல. பழையபடி நில்லு."

"இருட்டா விழுந்தாலும் பரவாயில்ல. எடுங்களேன்!"

"நீ சும்மா இரி. சூரியன் இந்தா வந்திரும்."

சாரதி இரண்டுதரம் ஹோர்ன் அடித்தான். "சேர், ஐஸ் உருகுது! முதலாளி என்னக் கொல்லுவார்!"

அப்பா கெமராவைக் கண்ணில் வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார். விரல் பொத்தானில் இருந்தது, நான் கண்டேன். அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். குனிந்து பையை எடுத்தான். அம்மாவின் தோளில் நெற்றியை வைத்து எடுத்தான். லொறிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கெமராவைக் கண்ணிலிருந்து இறக்காமலே நின்ற அப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

"நான் திரும்பி வரக்குள்ள எடுங்கப்பா. அப்ப எனக்கு மீசையும் முளைச்சிரும்."

"ஓம் மனே" என்றார் அப்பா. "அதுதான் நல்லம்."